விழாத அடிக்கு அரைக் கழிவு

முட்டிக்குத் தைலத்தையும் வயிற்றுக்கு மாத்திரையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சின்னவர்கள் கையில் கிடைத்தால் தாத்தா இன்னும் கேரம் போர்டை விடவில்லையா என்று சிரிப்பார்கள். விடவில்லை. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் கேரம் ஆடியிருக்க மாட்டார்.

போன வாரம் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டில் பேரன் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனில் செஸ் ஆடுகிறான், ரேட்டிங் இறங்கிவிட்டதாம். அவனுடைய திறமைக்கு அது ஒரு கணக்கு என்று மாப்பிள்ளை எனக்கு விளக்கினார். கணக்கு என்று கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் நியாயமாக விசாரித்தேன். யாரோடு ஆடினான், ஜெயித்தானா தோற்றானா, எதிராளி எவ்வளவு பெரிய ஆள், இதைத்தான் அந்தக் கணக்கு பார்க்கிறதாம். அப்படியென்றால் அது நல்ல கணக்கு. ஜெயித்தவனை ஜெயித்தவன் என்றாவது சொல்கிறது. பேரனைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நான் பால்கனிக்குப் போய் நின்றேன்.

எங்கள் கோவில் ஹால் காக்ஸ் டவுன் பக்கம் இருந்தது. கோவிலுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கூடம். ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோலும் இறக்கை ஒடிந்த ஒரு சம்மனசுப் பொம்மையும். இன்னொரு மூலையில் கேரம் போர்டு. மேலே தகரத் தொப்பி போட்ட பல்பு. கயிற்றை இழுத்தால் போர்டுக்கு மேல் இறங்கி வரும். மெழுகுவர்த்தி வாசமும் போரிக் பவுடரும் வவ்வால் நாற்றமும் சேர்ந்து அந்த இடத்துக்கு ஒரு மணம் உண்டு. இன்றைக்கும் பூசையில் மெழுகு வாசம் வந்தால் என் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிச் சுண்டத் தயாராகிறது. பக்கத்தில் முழங்காலில் இருப்பவர் நான் பக்தியில் நடுங்குவதாக நினைத்துக்கொள்கிறார். நானும் திருத்துவதில்லை.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளைகளும் கேரம் ஆடலாம். ஆனால் இரண்டிரண்டு பேராக ஆடும்போது கூட்டாளி நேர் எதிரே அல்லவா உட்காருவார்? அந்த எதிர் நாற்காலியில் கூடப்பிறந்தவன்தான் உட்கார வேண்டும். வயசுப்பெண் சாயங்காலம் முழுக்க அந்நியன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். அப்படியானால் பக்கவாட்டில் இருக்கிற இரண்டு தடியன்களைப் பார்த்தால் பரவாயில்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஆக, என் அக்கா கேரம் ஆட வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு தம்பி வேண்டும். கடவுள் அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னைப் படைத்தார் என்று அக்கா சொல்வாள். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் போர்டு என் தாடைக்கு வரும். பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உட்காருவேன். ஃபாதர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

அக்காவுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களோடு விட்டுப் போனது. மஞ்சள் பூத்த எலும்பு. கையில் வைத்தால் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். அது எங்கே தொலைந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அக்கா ஆடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது; எனக்கே முதலில் புரியவில்லை. குழியில் போடக் கூடிய காய் ஒன்று கண்முன் இருக்கும். அதை விட்டுவிடுவாள். வேறு ஏதோ ஒரு வெள்ளைக் காயை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்க் குழியின் வாயில் உட்காரவைப்பாள். விழாது, விளிம்பில் உட்கார்ந்து குழியை எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், அந்தக் குழி எதிராளிக்கு மூடியாயிற்று. அவனுடைய கறுப்புக் காய் அதற்குப் பின்னால் நின்று அழும். அவன் அடித்தால் எங்கள் வெள்ளைதான் முதலில் விழும். விழுந்தால் லாபம் எங்களுக்கு. அடிக்காவிட்டால் அடுத்து என் முறை. நான் தும்மினால் போதும், காய் உள்ளே போய்விடும். இப்படி ஒரு குழி, பிறகு இன்னொரு குழி. கடைசியில் எதிராளிகள் இரண்டு பேரும் சொந்த வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் மாதிரி போர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கோடை லீவு முழுக்க எங்களை ஜெயிக்க ஆளில்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தும்மியவனுக்கு அவ்வளவு கர்வம்.

இனி அங்கிள் வருகிறார். ஹாலின் செக்ரட்டரி. அப்பா வேலை பார்த்த அதே ஃபேக்டரியில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற உத்தியோகம் அவருக்கு. ஒரு தொழிலாளி ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறான், அதில் எவ்வளவு வேலை, எவ்வளவு வெட்டி நேரம் என்று பக்கத்தில் நின்று அளப்பார். அதை வைத்துத்தான் அங்கே எல்லோருக்கும் இன்சென்டிவ். அந்தக் காலத்து பெங்களூரில் பாதிப் பேருக்கு ஃபேக்டரி சங்குதான் கடிகாரம். ஃபேக்டரியில் எது நடந்ததோ அதுவே வீட்டுக்கும் கோவிலுக்கும் சட்டம். ஸ்டாப்வாட்ச் அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகூட வாட்சைக் கழற்ற மாட்டார். ஃபாதருடைய பிரசங்கத்தில் எவ்வளவு விஷயம், எவ்வளவு இருமல் என்று அளந்து ஃபாதரிடமே சொன்னவர். ஃபாதர் அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே இருமுவார்.

பொய் சொல்லாதவர், லஞ்சம் வாங்காதவர், எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடிக்காதவர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன் ஆகிவிடுவேன். ஆனால் அயோக்கியன் ஒருவன் இதைச் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அந்த வருஷம் மே மாதம் ஊரிலுள்ள கோவில் பங்குகளுக்கு இடையே கேரம் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரே ஒரு ஜோடி. யாரை அனுப்புவது என்பதில் சண்டை சச்சரவு வரக் கூடாது என்று அங்கிள் ஹால் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ஃபேக்டரியில் கூலியைக் கணக்கிடுகிற மாதிரியே கேரமையும் கணக்கிட்டார். காய் விழுந்தால் ஒன்று. ரெட் விழுந்து, அதை உறுதி செய்கிற அடுத்த காயான ஃபாலோவும் விழுந்தால் மூன்று. ஃபவுலுக்கு ஒன்று கழிவு. காய் விழாத அடிக்கு அரை கழிவு. எல்லாவற்றையும் கூட்டி, அடித்த அடிகளால் வகுத்தால் அதுதான் அந்த ஆளின் திறமை. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதற்குப் பலகையில் கட்டமே இல்லை. நான் கேட்டேன். ஜெயிப்பதில் கூட்டாளியும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது தம்பி, ஒரு மனுஷனுடைய அடியில் அவன் மட்டும்தான் இருக்கிறான் என்று பொறுமையாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறுநாளே பலகையில் என் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது. அக்காவின் பெயர் எல்லோருக்கும் கீழே.

யோசித்துப் பாருங்கள். அக்கா காயைக் கொண்டுபோய்க் குழிவாயில் வைக்கிறாள்: அரை கழிவு. நான் தும்முகிறேன்: ஒன்று. அக்கா எதிராளியின் வழியை அடைக்கிறாள்: அரை கழிவு. நான் மறுபடியும் தும்முகிறேன். பாட்டுப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு மூக்கொழுகி, காக்ஸ் டவுனின் தலைசிறந்த கேரம் வீரன் ஆகிவிட்டான்.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அக்கா அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அக்காவுக்கு இஷ்டமில்லை. அவளுக்கு வேலைக்குப் போக வேண்டும். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு மூலையில் நின்று ஃபேக்டரி பஸ் ஏற வேண்டும். அந்த சமயத்தில்தான் ஃபேக்டரியில் பெண்களுக்குக் கேரம் டீம் ஆரம்பிக்கிறார்கள், நன்றாக ஆடுகிற பெண்களுக்கு ஒயரிங் செக்‌ஷனில் வேலை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அப்பாவே செய்தி கொண்டுவந்தார். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் பங்குப் போட்டியைப் பார்க்க வருவார். அங்கே ஆடுகிறவர்களிலிருந்து எடுப்பார். அப்பா கண்டிப்பாகப் பேசிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் தங்கவயல்காரர்களுக்கு நானே இல்லை என்று சொல்கிறேன்; கிடைக்காவிட்டால் போட்டி முடிந்த அன்றே வாக்குக் கொடுத்துவிடுவேன்.

அதனால்தான் அந்தக் கரும்பலகை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய மாதிரி இருந்தது.

நான் அங்கிளிடம் போய் உண்மையைச் சொன்னேன். நான் போட்ட காயெல்லாம் அக்கா போட்டது என்றேன். அவர் சிரித்தார்.

"நீ போட்டதை நான் என் கண்ணால பார்த்தேன் கண்ணா. அக்கா மேல உனக்குப் பாசம் இருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா பாசத்துக்கு நம்மகிட்ட பாயிண்ட் இல்ல."

சரி, என் கணக்கை நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். குழிவாயில் இருந்த காய்களைத் தவறவிட ஆரம்பித்தேன். குழிவாயில் இருக்கிற காயைத் தவறவிடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஸ்ட்ரைக்கரைச் சுவரில் அடித்தேன், மடியில் விழவைத்தேன், ஒருமுறை பல்பில்கூட அடித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று அங்கிள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் நாளைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்று அதை மட்டும் நீக்கிவிட்டார். அவ்வளவு நேர்மை.

பிறகு அக்காவே ஒரு யோசனை செய்தாள். அவர் கணக்குக்கே ஆடிப் பார்ப்போம் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அடித்த அடிகளைப் பார்த்து ஹாலே வாயைப் பிளந்தது. கட் அடித்தாள், டபுள் அடித்தாள், முதுகுப்பக்கக் குழிக்குத் திரும்பிப் பார்க்காமலே அடித்தாள். காய்கள் பொலபொலவென்று விழுந்தன. பலகையில் அவள் பெயர் ஒரே நாளில் பல வரிசை மேலே ஏறியது. ஆனால் அன்று ஆடிய எல்லா ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். அடைப்பதற்கு ஆள் இல்லை. எதிராளிகள் திறந்த வீட்டில் நுழைகிற மாதிரி நுழைந்தார்கள். அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் சோம்பலாக இருந்தாய், இன்றைக்குத்தான் ஆடினாய் என்று அக்காவைப் பாராட்டினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பேக்கரி வாசலில் நின்றோம். தேங்காய் பன் வாசம் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் அடம் பிடிப்பேன். அன்று பன் பக்கமே திரும்பவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் இப்படி ஆடினா பலகையில மேல வந்துடுவேன்டா" என்றாள் அக்கா. "ஆனா போட்டியில முதல் ரவுண்டுலயே தோப்போம். அந்த ஆபீசர் தோத்தவளை எதுக்கு எடுப்பார்? அதுவும் போகட்டும். இப்படியே ஆடினா என் ஆட்டம் எனக்கே மறந்துடும்."

மறுநாளிலிருந்து பழையபடி அடைக்க ஆரம்பித்தாள். பலகையில் பழையபடி இறங்கினாள்.

போட்டிக்கு முந்தின வாரம், பலகையில் முதல் இரண்டு பெயர்களை அங்கிள் அறிவித்தார். ஒன்று நான். இன்னொன்று பெல்பாட்டம் போட்ட ஓர் அண்ணன். எந்தக் காயையும் சத்தத்தோடு அடிப்பார். காய் விழுகிறதோ இல்லையோ, வவ்வால்கள் எழுந்து பறக்கும். அக்கா நேராக அங்கிள் முன்னால் போய் நின்றாள். உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொண்டு என்னோடு ஒரு போர்டு ஆடுங்கள் என்று கேட்டாள். ஒரு பெண் தனியாக ஓர் ஆணோடு ஆடுவதா என்று கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஃபாதர்தான் அங்கிள் அவளுக்கு அப்பா மாதிரி என்று சொல்லி அனுமதி கொடுத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். பாயிண்ட் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சாக்பீஸ் என் கையில் வியர்வையில் நமுத்துப் போனது.

அங்கிள் நன்றாகத்தான் ஆடுவார். சுத்தமான அடி. ஒவ்வொரு கறுப்பாக உள்ளே தள்ளினார். ரெட்டை எடுத்து ஃபாலோவும் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு காய்தான் மிச்சம். அக்காவுக்கு ஏழு. ஆட்டம் முடிந்தது என்று சிலர் எழுந்தார்கள். நான் எழவில்லை. நான் போர்டைப் பார்த்தேன். நான்கு குழி வாயிலும் வெள்ளைக் காய்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. அவர் காய்களை அள்ளிக்கொண்டிருந்தபோது அவள் கதவுகளை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கிளின் ஒற்றைக் கறுப்பு நடுப் போர்டில் அநாதை மாதிரி நின்றது. அவர் அடித்தார்; அது குழிவாயில் இருந்த வெள்ளையை இடித்து, வெள்ளை விழுந்தது. மறுபடி அடித்தார், அது அங்கும் இங்கும் அலைந்தது. அக்கா அவசரப்படவில்லை. ஒன்றைப் போட்டாள், இன்னொன்றைக் கொண்டுபோய் அந்தக் கதவில் வைத்தாள். கடைசி வெள்ளையையும் போட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அக்கா ஜெயித்துவிட்டாள். நான் எழுதிவைத்த பாயிண்டை அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டினார், கழித்தார், வகுத்தார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. எங்கோ ஒரு சந்தேகம் தீர்ந்த நிம்மதிதான் இருந்தது.

"ஆட்டத்தை நீ ஜெயிச்சுட்டேம்மா, கங்கிராஜுலேஷன்ஸ். ஆனா திறமை எனக்குத்தான் ஜாஸ்தி. இதோ பாரு."

பார்த்தோம். உண்மைதான். அவர் கணக்குப்படி அவருக்குத்தான் ஜாஸ்தி. அக்கா ஃபாதரைத் திரும்பிப் பார்த்தாள். ஃபாதர் கண்ணால் பார்த்தவர். ஜெயித்தது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்கு லத்தீன் தெரியும், கணக்குத் தெரியாதும்மா என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நான் இன்னும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுபதை நெருங்கிவிட்டேன், வட்டியோடு என்னிடமே இருக்கிறது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை அக்கா சொன்னாள். அங்கிளிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, எழுதிப் போட்டிருக்கிறார்களே, எழுதிப் போட்டதை எப்படி இல்லை என்று சொல்வது என்றார். அதுவரை பணிவாக நின்றவள் அப்போதுதான் குரலை உயர்த்தினாள். அப்பா ஃபேக்டரியில் டர்னர், இரும்பைக் கடைகிறவர். மிஷினில் டூலைத் தீட்டித் தீட்டிப் போட்டால்தான் வேலை சுத்தமாக வரும். முந்தின வருஷம் அந்தத் தீட்டுகிற நேரத்தை எல்லாம் வெட்டி நேரம் என்று எழுதி அப்பாவின் இன்சென்டிவை வெட்டியது இதே ஸ்டாப்வாட்ச்தான்.

"தீட்டாம எப்படிரா வெட்டுறதுன்னு ராத்திரி ராத்திரி கத்தினீங்களேப்பா. நான் காயைக் கொண்டுபோய் வைக்கிறதும் தீட்டுறதுதான். உங்களுக்குக்கூடவா புரியல?"

அப்பாவுக்குப் புரிந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிசைந்த கை நின்றுவிட்டது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சோத்துக்கே அந்த ஆளோட என்னால மல்லுக்கட்ட முடியல. விளையாட்டுக்குப் போய்க் கட்டச் சொல்றியாம்மா?"

அப்பாவை நினைத்துப் பரிதாபப்பட வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். படுகிறேன். பட்டு முடித்த பிறகு கோபம் அப்படியே இருக்கிறது. புரியாதவர்கள் மேல் இருப்பதைவிடப் புரிந்துகொண்டு ரசம் குடித்தவர் மேல்தான் அதிகம்.

போட்டி ஃப்ரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மாலை மழை வரும் போல இருந்தது; வழியெல்லாம் குல்மோஹர் பூ நசுங்கிக் கிடந்தது. நானும் பெல்பாட்டம் அண்ணனும் முதல் ரவுண்டில் உட்கார்ந்தோம். அங்கு உட்காரப் பாட்டுப் புத்தகம் இல்லை; ஒரு டெஸ்க்கின் பலகையை எடுத்துப் போட்டார்கள். அண்ணன் அடித்தார், சத்தம் வந்தது. நான் குழிவாயில் காயைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. வைப்பதற்கு ஆள் இல்லாத போர்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை. காய்கள் எல்லாம் அவ்வளவு தூரத்தில் இருந்தன. எனக்குக் கேரம் ஆடத் தெரியாது என்கிற செய்தி ஒரு கூட்டத்துக்கு நடுவில் எனக்கு அறிவிக்கப்பட்டது. தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று கேட்காதீர்கள். எதிர்ப்பக்கம் இருந்த பையன் ஆட்டத்துக்கு நடுவில் பட்டாணி தின்றுகொண்டிருந்தான்.

ஸ்போர்ட்ஸ் ஆபீசர் முன்வரிசையில் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் எங்கள் அங்கிளிடம் வந்தார். உங்கள் பங்கில் ஒரு பெண் குழியை எல்லாம் அடைத்து அடைத்து ஆடுவாளாமே, ஃபேக்டரி பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், அவளைப் பார்க்கத்தான் நான் வந்தேன் என்றார். அங்கிள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அவள் எங்கள் பட்டியலில் கடைசி சார் என்றார்.

அக்கா பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து, எல்லோருடைய முழங்கால்களையும் தாண்டி முன்னால் வந்தாள். "அது நான்தான் சார். இப்பவே ஆடிக் காட்டுறேன், யாரையாவது உட்காரச் சொல்லுங்க" என்றாள்.

ஆபீசர் வாட்சைப் பார்த்தார். பிறகு அங்கிளைப் பார்த்தார். அவரும் ஃபேக்டரிக்காரர்தானே. பங்கு ஜோடியில் ஆடியவர் என்று செக்ரட்டரி கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அங்கிள் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். ஆடாதவளை ஆடினாள் என்று எழுத அவரால் முடியாதாம். நம்பரை ஒருநாள் மாற்றினால் பிறகு எந்த நம்பருக்கும் மதிப்பு இருக்காதாம். அடுத்த வருஷம் டீமில் வாம்மா என்று ஆபீசர் அக்காவின் தலையில் தட்டிவிட்டுப் போனார். அப்பா வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரியே தங்கவயலுக்கு வாக்குப் போனது.

தங்கவயல் அத்தான் நல்ல மனிதர். இன்றும் நல்லவர். அதை யாரும் என்னிடம் எடுத்துச் சொல்ல வேண்டாம். அக்கா கேட்டது நல்ல மனிதரை அல்ல, சாப்பாட்டு டப்பாவோடு ஏறுகிற ஒரு பஸ்ஸை.

போட்டியிலிருந்து திரும்பியதும் அங்கிள் என்னை நேராக ஹாலுக்குக் கூட்டிப் போனார். அன்றைய என் ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்து வகுத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். தோற்றாலும் நீதான் நம்பர் ஒன் தம்பி, கவலைப்படாதே என்றார். அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடப் போன நேரத்தில் நான் பலகையிடம் போனேன். டஸ்டரை அங்கிள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். எனவே திரும்பி நின்று, முதுகை வைத்து, மாடு மரத்தில் உரசுகிற மாதிரி மேலும் கீழும் தேய்த்தேன். எட்டாத மேல்வரிசைக்கு நாற்காலியில் ஏறித் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு அது. காக்ஸ் டவுன் கேரம் திறமை முழுவதும் என் முதுகில் ஏறிக்கொண்டது. வீட்டில் அம்மா அந்தக் கோட்டுக்காக அடித்த அடியில் ஒன்றுகூட விழாமல் போகவில்லை. எனக்கு வலிக்கவில்லை. பலகையில் யாருமே இல்லை என்ற நினைப்பிலேயே தூங்கினேன்.

மறுநாள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க அளவு கொடுக்கப் போகிற வழியில் ஹாலுக்குள் ஓடினேன். பலகை நிறைந்திருந்தது. எல்லாப் பெயர்களையும் எல்லா எண்களையும் அங்கிள் நினைவிலிருந்தே திரும்ப எழுதி வைத்திருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. மேலே நான். அப்புறம் பெல்பாட்டம் அண்ணன். ஒவ்வொரு பெயராகக் கீழே வந்தேன். கடைசியில் அக்காவின் பெயர் இல்லை. மறந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து என் தோளில் கை வைத்தார். நேற்று நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு எதுக்குப்பா பாயிண்ட்? கடைசியில தொங்கிக்கிட்டு இருந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

அன்போடுதான் சொன்னார். அந்த அன்புக்கு எவ்வளவு கழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.